கார் ஏசி காற்று 4-ம் வேகத்தில் மட்டும் வருகிறதா? மோட்டாரை மாற்றாதீர்கள்

மோட்டாரை மாற்ற வேண்டாம் அண்ணாச்சி. 1, 2, 3-ல் காற்றே இல்லை, 4-ல் மட்டும் சீறுகிறது என்கிறீர்கள். அப்போ காற்றைத் தள்ளும் புளோயர் மோட்டார் ஓடுகிறது. போயிருப்பது பெரும்பாலும் புளோயர் ரெசிஸ்டர். குறைந்த வேகங்களுக்குக் கரண்ட் அது வழியாகத்தான் போகும். 4-ல் அதைத் தொடாமல் நேரே போய்விடும்.

பல வண்டிகளில் இடதுபக்க டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால், காற்றுக்குழாயில் ஸ்குரூ போட்டு மாட்டியிருக்கும். சாவியை எடுத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றுங்கள். உலோகப் பின் (pin) ஓரம் பழுப்பேறி பிளாஸ்டிக் இளகியிருந்தால் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றணும். ரெசிஸ்டரை மட்டும் போட்டால் திரும்பக் கருகும். கருகல் இல்லையா, ரெசிஸ்டரை மல்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) வைத்துப் பாருங்கள். எல்லா வேகத்துக்கும் பொதுவான பின்னிலிருந்து மற்ற எந்தப் பின்னுக்கும் தொடர்பே காட்டாவிட்டால் உள்ளே இருக்கும், சூடு மிஞ்சினால் அறுந்துபோகும் தெர்மல் ஃபியூஸ் போய்விட்டது. அந்த ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றி ஒப்பேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தீப்பிடிக்கும்.

ரெசிஸ்டர் குளிர்வதே புளோயர் காற்றில்தான்; காற்று குறைந்தால் அது சூடாகிப் போகும். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஓடும் வண்டி என்கிறீர்கள். அங்கே ஆடிக் காற்று வாரி இறைக்கிற மண்ணுக்கு, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும். வேப்பமரத்தடியில் நிறுத்துவீர்களானால் சருகும் கிடக்கும். அதைச் சுத்தம் செய்துவிட்டு, மோட்டார் விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். விசிறி இறுக்கமாகச் சுழன்றால் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்து புது ரெசிஸ்டரையும் காலி பண்ணிவிடும். அப்போதுதான் மோட்டாருக்குச் செலவு.

ஒன்று: இதெல்லாம் குமிழ் திருகும் சாதா ஏசிக்கு. ஆட்டோமேட்டிக் ஏசி என்றால் அங்கே இருப்பது மின்னணு மாட்யூல், ஓம்ஸ் பார்த்துப் பயனில்லை.