அம்மா உட்காரும் ஜன்னலுக்குக் கீழே வேண்டாம்

கேள்வி: அப்பா 1969-இல் வாங்கிய அம்பாசடர் மார்க் 2 எங்களிடம் இருக்கிறது. அவர் போன பிறகு ஒன்பது வருடம் ஷெட்டிலேயே நின்றது. இந்த வருடம்தான் வெளியே எடுத்து டிங்கரிங், பெயின்ட் முடித்தோம். சைலன்சர் இற்றுக் கொட்டிவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த குழாயை எப்போதோ யாரோ அறுத்திருக்கிறார்கள். பட்டறைக்காரர், "எஞ்சின்ல இருந்து குழாய் எறங்கறதே இடப்பக்கம்தானுங்க. அப்படியே நேரா கொண்டாந்து பின் சக்கரத்துக்கு முன்னாடி வெளிய விட்டுரலாம். செலவு பாதி, சத்தமும் கம்பீரமா இருக்கும்" என்கிறார். என் மகனுக்குப் பின்னால் இரட்டைக் குழாய் வைக்க ஆசை. எனக்கு, அப்பா தெருமுனை திரும்பும்போது வீட்டுக்குள் கேட்குமே, அந்தச் சத்தம் திரும்ப வந்தால் போதும். 78 வயது அம்மா எப்போதும் பின் சீட்டில் இடது ஜன்னலோரம்தான் உட்காருவார். குழாயை எங்கே விடலாம்?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: அன்புள்ள பொள்ளாச்சி வாசகருக்கு,

கடிதத்தின் கடைசியில் அம்மா உட்காரும் இடத்தைச் சொன்னீர்களே, எனக்கு அதுதான் முதலில் பட்டது. பட்டறைக்காரர் காட்டும் இடம் அந்த ஜன்னலுக்கு நேர் கீழே. இந்த வண்டியில் ஏசி கிடையாது, கண்ணாடி இறக்கித்தான் இருக்கும். சிக்னலில் நிற்கும்போது குழாயிலிருந்து வரும் சூடான புகை மேலே ஏறி நேராக அம்மாவின் மூக்குக்குப் போகும். அந்த யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்த 1489 சிசி எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்குள் விடும் பகுதி, இடப்பக்கம்தான். குழாயும் அந்தப் பக்கமாகத்தான் இறங்குகிறது. அதனால் இடப்பக்கம் விடுவது வேலைக்குச் சுலபம். ஆனால் நம் ஊரில் வண்டி ஓடுவது சாலையின் இடப்பக்கம். பள்ளிப் பிள்ளைகள் நடந்து போவதும், பஸ்ஸுக்குக் காத்து நிற்பதும் அந்த ஓரத்தில்தான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 112ஆம் விதி இதற்காகவே இருக்கிறது: காரின் புகை கீழ்நோக்கியும் போகக்கூடாது, இடப்பக்கமாகவும் போகக்கூடாது, வலப்பக்கமாகவோ வலப்பக்கப் பின்புறமாகவோ வெளியேற வேண்டும். பட்டறைக்காரர் சொல்கிறபடி வைத்தால் அடுத்த எஃப்சி-க்கு (வண்டித் தகுதிச் சோதனைக்கு) போகும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

புகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் வண்டியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது. நான்கு பெருநகரங்களில் விற்கும் புது பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானதே 1995-இல்தான். பழைய கார்களுக்குப் புகைச் சோதனையில் அனுமதித்த கார்பன் மோனாக்சைடு அளவு 3 சதவீதம். அதாவது குழாயின் வாயில் பத்து லட்சத்தில் 30,000 பங்கு. மூச்சுக் காற்றில் பத்து லட்சத்துக்கு 200 பங்கு கலந்திருந்தாலே இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். இதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். வயதானவர்களையும் குழந்தைகளையும் முதலில் பாதிக்கும்.

சரி, குழாயைப் பின்னால் கொண்டுபோய்விட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் சித்தப்பாவிடம் ஒரு பழைய பியட் இருந்தது. ஒரு பட்டறையில் சைலன்சர் மாற்றிக்கொண்டு அடுத்த நாளே ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறினோம். பாதி வழியிலேயே பின் சீட்டில் இருந்த என் தங்கைகள் இரண்டு பேரும் வாந்தி. நாற்பது கொண்டை ஊசி வளைவு ஆயிற்றே, வளைவுதான் காரணம் என்று எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தோம். இறங்கிவந்து சமவெளியில் ஓடும்போதும் எல்லோருக்கும் தலை கனத்தது. மறுநாள் சித்தப்பா டிக்கியைத் திறந்து ரப்பர் பீடிங்கில் விரலை வைத்து இழுத்தார். விரல் முழுக்கக் கரி. கீழே குனிந்து பார்த்தால், குழாய் பம்பருக்கு நாலு விரற்கடை உள்ளேயே முடிந்திருந்தது. ஓடுகிற காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். அந்த இடத்தில் விடுகிற புகை சுழன்று திரும்பவும் வண்டியையே தேடி வரும். டிக்கி ரப்பரில் இருந்த ஒரு சின்ன இடைவெளி வழியாக அது உள்ளே ஏறியிருக்கிறது. நாலு விரற்கடைக் குழாய் மிச்சம் பிடித்ததற்குக் குழந்தைகள் அவ்வளவு பாடுபட்டார்கள். அன்றிலிருந்து பழைய வண்டி எதைப் பார்த்தாலும் நான் முதலில் குனிந்து பார்ப்பது அதன் பின்புறத்தைத்தான்.

ஆகவே குழாய் பின்னால் போகட்டும். வாய் பம்பரின் விளிம்பைத் தாண்டி ஒன்றிரண்டு விரற்கடை வெளியே நிற்கட்டும். அதற்கு மேல் நீட்டினால் டிக்கியில் சாமான் எடுப்பவர்களின் கால் சுடும். வாய் நேராகப் பின்னோக்கி இருக்க வேண்டும். அழகுக்காகக் கீழே வளைத்த நுனிகள் கடையில் கிடைக்கும், வாங்காதீர்கள். விதி அனுமதிக்காது என்பது ஒரு பக்கம். உங்கள் பக்கத்தில் வண்டியைத் தென்னந்தோப்பில் நிறுத்துவீர்கள். காய்ந்த ஓலையும் மட்டையும் கிடக்கிற தரையில் கொதிக்கிற புகையை ஊதுவது ஆபத்து.

பழைய குழாய் எந்த வழியாகப் போனது என்பதை வண்டியின் அடிப்பகுதியே காட்டிக்கொடுக்கும். டார்ச் எடுத்துக்கொண்டு பிட்டில் இறங்கிப் பாருங்கள். குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பர் மாட்டிய பிராக்கெட்டோ, அது இருந்த ஓட்டையோ இருக்கும். பின் ஆக்ஸிலுக்கு மேலே குழாய் வளைந்து போக விட்ட இடமும் தெரியும். அந்தத் தடத்தையே பின்பற்றுங்கள். அது இடப்பக்கப் பின்புறத்தில் போய் முடிந்தால், வெல்டிங்குக்கு முன்பே மோட்டார் வாகன ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எப்படியானாலும் வாயை மட்டும் நடைபாதைப் பக்கம் திருப்பாதீர்கள்.

ஆக்ஸிலுக்கு அடியில் குழாயை விட்டால் பெண்டு வளைக்கும் வேலை மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். முதல் வேகத்தடையிலேயே தட்டிவிடும். மேலே விட்டாலும் ஒரு கவனம் வேண்டும்: இது பட்டை ஸ்பிரிங் வண்டி, பள்ளத்தில் இறங்கினால் ஆக்ஸில் பல அங்குலம் மேலே எழும்பும். குழாய்க்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வண்டி காலியாக நிற்கும்போது அளந்து பயனில்லை. பெட்ரோல் லைனிலிருந்து குறைந்தது 35 மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது 113ஆம் விதி. நான் அதைப்போல் இரண்டு மடங்கு விடச் சொல்வேன். குழாயை எங்கேயும் சேஸிஸில் நேராகப் பற்றவைக்கக் கூடாது. ரப்பரில்தான் தொங்க வேண்டும். எஞ்சின் அதன் மவுண்டில் ஆடும், சூடேறினால் அந்த நீளக் குழாயே அரை சென்டிமீட்டருக்கு மேல் நீளும். இறுக்கிக் கட்டினால் மேனிபோல்டு விரிசல் விடும்.

உங்கள் மகனிடம் என் சார்பில் இதைச் சொல்லுங்கள். நாலு சிலிண்டர், ஏறத்தாழ 50 குதிரைத்திறன். அந்தப் புகைக்கு ஒரு குழாய் தாராளம். இரண்டாவது குழாய்க்கு இடம் வேண்டுமென்று பின்பக்கத் தகட்டை வெட்டினால், திரும்ப ஒட்ட முடியாது. 2021-இல் வந்த விதியின்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது என்பதால் நீங்கள் இப்போது அதை நாடாமல் இருக்கலாம். நாளைக்கு மகனே நாடுவார், அவருக்காகவாவது தகட்டில் கை வைக்காமல் விட்டுவையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கோவை அவிநாசி சாலையில் இருக்கும் ஜிடி கார் மியூசியத்துக்குக் கூட்டிப் போங்கள். பழைய வண்டிகளின் பின்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்கும் அந்தச் சத்தம் வரும். சைலன்சருக்குள் இருக்கிற இடமும் குழாயின் நீளமும் விட்டமும் சேர்ந்துதான் அதை உண்டாக்குகின்றன. அதே அளவு சைலன்சர், அதே விட்டம், பின்வரை அதே நீளம் என்று போட்டால் அப்பாவின் வண்டி அதே குரலில் பேசும். பாதியில் அறுத்தால் சத்தம் ஏறும். கூடவே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உள்ளே ரீங்காரம் எழுந்து, அம்மாவோடு பேசக்கூட முடியாமல் போகும்.

இன்னொன்று, இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் போய்வந்தால் குழாய் முழுச் சூடு ஏறாது, அந்தத் தண்ணீர் சைலன்சரிலேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். உங்களுடையது இற்றதும் பெரும்பாலும் அப்படித்தான். தண்ணீர் வடிய, குழாய் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்து இருக்கட்டும். சைலன்சரின் அடிமட்டத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறையாவது உடுமலை வரை ஓட்டிவிட்டு வாருங்கள். கதவு மூடிய ஷெட்டுக்குள் ஒரு நிமிடம்கூட எஞ்சினை ஓடவிடாதீர்கள்.

குழாய் வேலைக்கு முன்னால், இருட்டிய பிறகு டிக்கிக்குள் டார்ச்சை எரியவிட்டு மூடிவிட்டு வெளியே சுற்றிப் பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் புகை நுழையும். பின்விளக்கு ஒயர் போகும் ஓட்டைகளில் ரப்பர் இல்லாமல் இருப்பது வழக்கம், அதையும் பாருங்கள். பிறகு பட்டறையில் தடிமனான கம்பியை வளைத்துக் குழாய் போகும் வழியை முதலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவை அவருடைய ஜன்னலோரத்தில் உட்காரவைத்து, பக்கத்தில் இரண்டு பேரையும் டிக்கியில் ஒரு மூட்டை அரிசியையும் ஏற்றி, வண்டி தாழ்ந்த நிலையில் ஆக்ஸிலுக்கும் கம்பிக்கும் நடுவே உங்கள் முஷ்டி நுழைகிறதா என்று நீங்களே கையை விட்டுப் பாருங்கள். நுழைந்தால் வெல்டிங் வைக்கச் சொல்லலாம்.