ஷிஃப்ட் வேலை, ரெண்டு பிள்ளைங்க, வீடு: இதுக்குள்ள ஆண்டவரோட உட்கார நேரம் எங்க இருந்து வரும்?

கேள்வி கேட்ட சகோதரி வேலைக்குப் போறாங்க, ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு, காலைல எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் ஓட்டம்தான், வேதம் வாசிச்சு ஜெபம் பண்ண பத்து நிமிஷம்கூட சிக்க மாட்டேங்குது, மத்த கிறிஸ்தவப் பெண்கள் தினமும் எப்படி நேரம் ஒதுக்குறீங்கன்னு கேட்டிருக்காங்க.

என் நிலைமையச் சொல்லிடறேன். மதுரைல ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ். சொந்த ஊர் சுரண்டை பக்கம், சி.எஸ்.ஐ. சபை. வீட்ல நான், வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளைங்க, அத்தை. ஒரு வாரம் மார்னிங் டூட்டி, அடுத்த வாரம் ஈவினிங், அதுக்கப்புறம் நைட், அதுவும் யாராவது லீவு போட்டா எல்லாம் தலைகீழ்.

இந்தக் கேள்விக்கு கன்வென்ஷன் மேடைல இருந்து பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் வரைக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும், நாலு மணிக்கு எந்திரிங்க. எந்திரிக்க முடியறவங்க எந்திரிக்கட்டும், நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லல. ஆனா நைட் டூட்டி முடிச்சு எட்டரை மணிக்கு வீட்டுக்கு வர்றவளுக்கு நாலு மணி எதுல சேர்த்தி? ராத்திரி மூணு தடவை பால் குடிக்க எந்திரிக்கிற குழந்தைய வச்சிருக்கறவளுக்கு? இதைச் சொல்ற ஐயாமார் நிறைய பேருக்கு எந்திரிச்ச உடனே காப்பி கைக்கு வரும், அந்தக் காப்பிய போடுறவ எத்தனை மணிக்கு எந்திரிச்சு எப்ப ஜெபம் பண்ணினான்னு யாரும் கேக்கறதில்ல. நீதிமொழிகள் 31-ல வர்ற குணசாலியான ஸ்திரீயக் காட்டி "இருட்டோடே எழுந்திருந்து"ன்னு பிரசங்கம் பண்ணுவாங்க, அதே வசனம் முடியறப்ப "தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள்"னு இருக்குங்க. அந்தம்மாவுக்கு வேலைக்காரிங்க இருந்தாங்க! எனக்கு இருக்கறது ஒரு குக்கரும் ஒரு மிக்ஸியும்.

இயேசுவே இருட்டோட எந்திரிச்சுத்தானே ஜெபம் பண்ணினாருன்னு மாற்கு 1:35 காட்டுவாங்க. உண்மைதான். ஆனா அடுத்த ரெண்டு வசனத்தையும் சேர்த்து வாசிங்க, சீமோனும் கூட இருந்தவங்களும் பின்னாலயே தேடிப் போய் "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்"னு சொல்றாங்க. வனாந்தரத்துக்குப் போனவரையே விடல. பாத்ரூம் கதவத் தட்டுற என் சின்னவன நினைச்சு எனக்கு அந்த இடத்துல சிரிப்புதான் வரும்.

சரி, என் பதிலுக்கு வரேன். பொம்பளைங்களுக்கு இந்த நேரம் கிடைக்காததுக்குக் காரணம் பக்தி குறைவுன்னு நான் நம்பல. வீடு அந்த நேரத்த விட்டுக் கொடுக்கறதில்ல, அவ்வளவுதான். நம்ம தூக்கத்துல இருந்து வெட்டி எடுத்தாதான் அது ஆண்டவருக்கான நேரம்னு நாமளே முடிவு பண்ணி வச்சிருக்கோம், வீட்டு வேலைல இருந்து வெட்டி எடுக்கணும்னு யாருக்கும் தோணறதில்ல.

மார்த்தாள் மரியாள் கதைய (லூக்கா 10) எல்லாரும் மார்த்தாள திட்டறதுக்கே எடுப்பாங்க. அங்க என்ன நடக்குதுன்னு பாருங்க. மரியாள் வசனம் கேட்டுட்டு உட்கார்ந்திருக்கா, அவள அடுப்படிக்கு அனுப்பச் சொல்லி சகோதரி மார்த்தாள்கிட்ட இருந்து ஒரு கோரிக்கை வருது, அதுவும் நியாயமான கோரிக்கைதான், சமையல் யாராவது பண்ணித்தானே ஆகணும். ஆண்டவர் அனுப்பல. "மரியாள் தன்னைவிட்டெடுபடாத நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள்" அப்படின்னுட்டார். ஒரு பொம்பள உட்கார்ந்து கேக்கற நேரத்த வீட்டு வேலை பிடுங்கக் கூடாதுன்னு அவரே சொல்லிட்ட மாதிரிதான் எனக்குப் படுது. மார்த்தாளுக்கும் ஒன்னு சொல்லணும், பாவம் அவ பேர் ரொம்பக் கெட்டுப் போச்சு. யோவான் 11-ல அவங்க சகோதரன் லாசரு செத்துப் போனப்ப மரியாள் வீட்டுக்குள்ள இருக்கா, மார்த்தாள்தான் எந்திரிச்சுப் போய் ஆண்டவர எதிர்கொண்டு "நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து"ன்னு அறிக்கை பண்றா. அடுத்த அதிகாரத்துல மறுபடி பந்தில பணிவிடை செய்யறா, அப்ப அவளை யாரும் ஒன்னும் சொல்லல. வேலை செய்யறவளுக்கு விசுவாசம் கம்மின்னு வேதத்துல எங்கயும் இல்ல.

எங்க வீட்ல இது எப்படி நடந்துச்சுன்னா, நான் வீட்டுக்காரர்கிட்ட நேராவே கேட்டேன். ராத்திரி சாப்பாடு முடிஞ்ச உடனே எனக்கு இருபது நிமிஷம் வேணும், அந்த நேரம் பாத்திரமும் பிள்ளைங்க ஹோம்வொர்க்கும் உங்க பொறுப்பு, நான் உள் ரூம்ல கதவச் சாத்திக்குவேன்னு. அவர் முதல்ல நான் ஏதோ கோபத்துல இருக்கேன்னு நினைச்சிட்டார். "ஜெபம் பண்ண வேண்டாம்னு யாரு சொன்னா"ன்னார். "யாரும் சொல்லல, ஆனா சிங்க்ல பாத்திரம் கிடக்கே"ன்னேன். அத்தைக்குக் கொஞ்ச நாள் மூஞ்சி சரியில்ல, மகன் பாத்திரம் கழுவறது அவங்களுக்குப் பார்க்க முடியல. அத்தை தினமும் சாயங்காலம் டீ குடிச்சிட்டு ஒரு மணி நேரம் முழங்கால்ல நிக்கற ஆளு, எங்க எல்லாருக்காகவும் பேர் பேரா சொல்லி ஜெபிப்பாங்க, அதனால ஒரு நாள் மெதுவா கேட்டேன், "அத்தை, நீங்க என் வயசுல இருக்கப்ப எப்ப ஜெபம் பண்ணுவீங்க?" கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "எங்க பண்ண, மாடு, வயக்காடு, நாலு பிள்ளைங்க, ஞாயித்துக்கிழமை கோயில்ல உக்காந்தா தூக்கம் சொக்கும்"னாங்க. இப்ப என் சின்னவன் ரூம் பக்கம் வந்தா "அம்மா ஜெபத்துல இருக்கா, அங்க போவாத"ன்னு பிடிச்சு நிறுத்தறது அவங்கதான்.

மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி, அவர் தம்பி சார்லஸ் வெஸ்லி, இவங்களோட அம்மா சூசன்னா வெஸ்லி கதை சபைகள்ல அடிக்கடி சொல்லுவாங்க. இங்கிலாந்துல எப்வொர்த்ங்கிற ஊர்ல பாதிரியார் வீடு, 19 பிள்ளைங்க பெத்தவங்க, அதுல பாதிக்குப் பாதி சின்ன வயசுலயே இறந்துபோச்சு. ஜெபம் பண்ண இடம் இல்லாம ஏப்ரனத் தூக்கித் தலைமேல போட்டுக்குவாங்களாம். கேட்ட உடனே நமக்கு குற்ற உணர்ச்சி வரும், 19 பிள்ளைகளோட அவங்களால முடிஞ்சதேன்னு. எனக்கு அந்தக் கதைல பிடிச்சது வேற. தலைமேல துணி கிடந்தா அம்மாவத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு அந்தப் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு பாருங்க, அது. அந்தம்மா ஒவ்வொரு பிள்ளையோடயும் தனியா பேச வாரத்துல ஒரு சாயங்காலம் வச்சிருந்தாங்க, வியாழக்கிழமை ஜானுக்கு. தன்னோட நேரத்த மத்தவங்களுக்குக் கொடுத்த மாதிரியே அவங்க நேரத்த மத்தவங்க மதிக்கவும் பழக்கியிருக்காங்க.

எங்க ஊர்ல இதெல்லாம் யோசிக்கவே வேண்டியதில்ல, அது வேற கதை. காலைலயும் சாயங்காலமும் கோயில் மணி அடிக்கும், உபதேசியார் ஜெபம் நடத்துவார். எங்கம்மா பீடி சுத்தறவங்க, மடில தட்ட வச்சுக்கிட்டே இலை வெட்டிக்கிட்டே கீர்த்தனை பாடுவாங்க, பக்கத்து வீட்டு சித்தி அடுத்த அடி எடுத்துக் கொடுப்பாங்க, மணி அடிச்சா தட்ட இறக்கி வச்சிட்டு முக்காடு போட்டுட்டுக் கிளம்பிருவாங்க. நேரம் ஒதுக்கணும்னு அம்மா ஒரு நாளும் யோசிச்சிருக்க மாட்டாங்க, ஊரே ஒதுக்கி வச்சிருந்துச்சு. மதுரைல அபார்ட்மெண்ட் மூணாவது மாடில எனக்கு மணி அடிக்க ஆள் இல்ல. அதான் நாமளே வீட்டுக்குள்ள ஒரு நேரத்த எல்லாருக்கும் தெரியற மாதிரி வைக்க வேண்டியிருக்கு, மனசுக்குள்ள மட்டும் வச்சிக்கிட்டா அது நடக்காது.

ஷிஃப்ட்ல இருக்கறவங்க கடிகாரத்தோட கட்டாதீங்க, அன்னைக்கு எப்படியும் நடக்கப் போற ஒரு காரியத்தோட கட்டுங்க. மார்னிங் டூட்டி வாரத்துல எனக்கு அது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். ஈவினிங் டூட்டின்னா பிள்ளைங்க ஸ்கூல் வேன் ஏறின உடனே, துவைக்கற துணிய எடுக்கறதுக்கு முன்னாடி (எடுத்துட்டா போச்சு). நைட் டூட்டில வார்டு அடங்கினப்புறம், ரெண்டு மணி வாக்குல வைட்டல்ஸ் எல்லாம் எழுதி முடிச்சிட்டு 134-ம் சங்கீதம் மட்டும் சொல்லிக்குவேன், மொத்தமே 3 வசனம்தான். "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே"ன்னு ஆரம்பிக்கும். நைட் டூட்டி பார்க்கறவங்களுக்குன்னே எழுதி வச்ச மாதிரி இருக்கும், முதல் தடவை அத வார்டுல வச்சு வாசிச்சப்ப எனக்கு அப்படியே அழுகை வந்துருச்சு.

எவ்வளவு வாசிக்கணும்? வேதத்துல மொத்தம் 1189 அதிகாரம். ஜனவரி ஒன்னாம் தேதி எல்லாரும் ஒரு வருஷத்துல முடிக்கணும்னு ஆரம்பிப்போம், அதுக்கு நாளைக்கு 3 அதிகாரத்துக்கு மேல வேணும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ரெண்டும் கதை மாதிரி ஓடிரும், ஜனவரி கடைசில லேவியராகமம் வரும், அங்க பாதிப்பேர் நின்னுருவோம். பிள்ளைங்க சின்னதா இருக்கறப்ப புதிய ஏற்பாடு மட்டும் எடுங்கன்னு நான் சொல்வேன், அதுல 260 அதிகாரம், வாரத்துக்கு அஞ்சு நாள் ஒவ்வொரு அதிகாரம் வாசிச்சா 52 வாரத்துல சரியா முடிஞ்சிரும், ரெண்டு நாள் விட்டுப் போனாலும் கணக்கு கெடாது. அதுவும் முடியலையா, நீதிமொழிகள் 31 அதிகாரம், இன்னைக்கு என்ன தேதியோ அந்த அதிகாரம். ஒரு நாள் விட்டா மறுநாள் அந்தத் தேதில ஆரம்பிக்கலாம், பாக்கி சேராது. இந்த பாக்கி சேர்ற பயம்தான் நிறைய பேர நிறுத்திடுது. அதுக்காக எல்லாத்தையும் ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளாதீங்க, ஒரு வாரத்து மாத்திரைய ஒரே நாள்ல முழுங்கறதுக்கு எந்த நர்ஸும் ஒத்துக்க மாட்டா.

போன் பத்தி ஒரு வார்த்தை. ஆடியோ பைபிள் நல்லது, சப்பாத்தி மாவு பிசையறப்ப போட்டு விடுவேன். ஆனா உட்கார்ந்து வாசிக்கற நேரத்துக்கு புத்தகம்தான், போன்ல வாசிச்சா ரெண்டாவது வசனத்துல ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப் வந்து நாளைக்கு கலர் டிரெஸ்னு சொல்லும். காலைல எந்திரிச்ச உடனே பத்து பேருக்கு வசனப் படம் ஃபார்வேர்டு பண்றதயும் யூடியூப்ல "இன்றைய வாக்குத்தத்தம்" ரெண்டு நிமிஷ வீடியோ பார்க்கறதயும் நான் ஜெப நேரத்துல சேர்க்கறதில்ல, அது குட் மார்னிங் மெசேஜ் மாதிரி ஒன்னு, தப்பில்ல, ஆனா அது வேற.

இடையிடையே பண்ற சின்ன ஜெபத்த மட்டமா நினைக்காதீங்க. நெகேமியாங்கிறவர் ராஜா முன்னாடி நிக்கறார், உனக்கு என்ன வேணும்னு ராஜா கேக்கறார், பதில் சொல்றதுக்கு நடுவுல ஒரு ஜெபம் பண்ணிக்கறார் (நெகேமியா 2:4). எவ்வளவு நேரம் எடுத்திருக்கும், ராஜா காத்துக்கிட்டு நிக்கறாரே! வெயின் கிடைக்காத குழந்தைக்கு ஐவி போடறப்ப நான் பண்றதும் அந்த மாதிரி ஜெபம்தான், சொல்லப்போனா அன்னைக்கு நான் பண்ணின ஜெபத்துலயே அதுதான் உண்மையானதா இருக்கும். ஆனா இது மட்டும் போதும்னு இருந்துட்டா எனக்கு ஒத்து வர்றதில்ல, ஒரு வாரத்துலயே ஆண்டவர்கிட்ட வேலை விஷயம் மட்டும் பேசற மாதிரி ஆயிடுது.

கைக்குழந்தை வச்சிருக்கற தாய்மார்களுக்கு தனியா ஒன்னு. ஏசாயா 40:11-ல மேய்ப்பன் ஆட்டுக்குட்டிகள மடில சுமப்பார்னு சொல்லிட்டு, "கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்"னு இருக்கு. பால் கொடுக்கற ஆடுகள ஓட்டறதில்ல, மெதுவா கூட்டிட்டுப் போறார். அந்த ஒன்னு ரெண்டு வருஷம் பால் கொடுக்கறப்ப ஒரு சங்கீதத்த மனசுல சொல்லிக்கிட்டா போதும், அதுக்கு மேல உங்ககிட்ட கணக்குக் கேக்கறது ஆண்டவர் இல்ல, அக்கம்பக்கம்தான். தூங்கிட்டீங்கன்னா தூங்குங்க.

கேட்டவங்களுக்கு, இன்னைக்கே ஆரம்பிக்கணும்னா மாற்குல ஆரம்பிங்க, நாலு சுவிசேஷத்துலயும் அதான் சின்னது, 16 அதிகாரம். அதுக்கு முன்னாடி வீட்டுக்காரர்கிட்ட பேசிருங்க, பாத்திரம் யாரு கழுவறதுன்னு முடிவு பண்ணிட்டு வேதத்தத் திறங்க. அவர் கோயிலுக்கு வராதவரா இருந்தாலும் பரவால்ல, பாத்திரம் கழுவ ஞானஸ்நானம் தேவையில்ல.

வேற ஏதும் கேக்கணும்னா கேளுங்க, இந்த வாரம் எனக்கு நைட் டூட்டி, பதில் லேட்டாத்தான் வரும்.