கைத்தடியை யார் வாங்குவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

என் அப்பா அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 72. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. கைத்தடி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர். 'தடி ஊன்றுகிற அளவுக்கு நான் கிழவனாகிவிடவில்லை' என்று அப்பா வீம்பு பிடிக்கிறார். அழகான தடியாக இருந்தால் வைத்துக்கொள்வார் என்று ஆன்லைனில் தேடினேன். கருங்காலி மரத்தில், வெள்ளி முலாம் பூசிய குதிரைத் தலை வைத்த ஒன்று பிடித்திருக்கிறது. பிறந்தநாளன்று சர்ப்ரைஸாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். நான்கு கால் உள்ளதுதான் பாதுகாப்பு என்கிறாள் என் மனைவி. டார்ச் வைத்தது, மடக்குவது, உட்காரப் பலகை வைத்தது என்று ஏகப்பட்ட வகை இருக்கிறது. எதை வாங்கலாம்?

செ., திருப்பூர்

அன்புள்ள தம்பி,

குதிரைத் தலையை வாங்காதீர்கள். ஆர்டர் போட்டிருந்தால் ரத்து செய்துவிடுங்கள். கைப்பிடி என்பது உள்ளங்கை முழுதும் படிந்து உட்கார வேண்டிய இடம். உங்கள் அப்பா தன் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கை அங்கேதான் இறக்கப்போகிறார். குதிரையின் காதும் பிடரியும் அந்த உள்ளங்கையில் குத்தும். பத்து நிமிடம் நடந்தால் கை சிவந்துவிடும். கருங்காலியோ தண்ணீரில் போட்டால் முங்குகிற மரம். ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியவர் அவர்தான்.

டார்ச்சும் பலகையும் விட்டுவிடுங்கள். மடக்குவது பஸ் பயணத்துக்கு வசதிதான், ஆனால் அதன் இணைப்புகள் ஆடாமல் இறுக்கமாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து வாங்க வேண்டும். நான்கு கால் தடி, பக்கவாதம் வந்தவர்கள் போல அதிகப் பிடிமானம் தேவைப்படுகிறவர்களுக்கு. அதன் நான்கு பாதங்களும் ஒரே நேரத்தில் தரையில் பதிந்தால்தான் அது தாங்கும். நம் வீட்டுக் குறுகலான படிக்கட்டில் அது உட்காரவே உட்காராது. முழங்கால் தேய்மானத்துக்கு ஒற்றைத் தடி போதும், டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை.

கைப்பிடி தட்டையாக, சற்று அகலமாக, கை முழுதும் படிகிற மாதிரி இருக்கட்டும். கொக்கி போல வளைந்த பழைய பிடி கையில் மாட்டிக்கொள்ள நன்றாக இருக்கும், அழுத்தி ஊன்ற அவ்வளவு சரிவராது. உயரம்தான் முக்கியம். செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று, கையைத் தளரத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டில் மடிப்பு விழுகிற இடத்துக்குத் தடியின் பிடி வர வேண்டும். பிடித்து ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும். உயரம் கூடினால் தோள் தூக்கிக்கொள்ளும், குறைந்தால் முதுகு வளையும். அலுமினியத் தடியில் பொத்தானை அமுக்கி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். மரத்தடி என்றால் அடியில்தான் அறுக்க வேண்டும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கச் சொல்லுங்கள்.

இடது முழங்கால் வலிக்கிறது என்றால் தடி வலது கையில். இதைத்தான் எல்லோரும் தப்பாகப் பிடிக்கிறார்கள். வலது காலை எடுத்து வைக்கிற நொடியில் உடம்பின் பாரம் முழுதும் இடது காலில் இறங்குகிறது. அந்த நொடியில் எதிர்ப்பக்கத்துத் தடி தரையை அழுத்தினால் இடது கால் இளைப்பாறும். ஆகவே தடியும் இடது காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். மறு கை கைப்பிடிச் சுவரில். சரி, இதெல்லாம் எந்த பிசியோதெரபிஸ்ட்டும் சொல்லிக் கொடுப்பதுதான்.

நான் உட்கார்ந்து எழுத வந்தது இதற்காக இல்லை. 'வீம்பு' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அதற்காக.

என் தாத்தா, அம்மாவின் அப்பா, கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர். கரிசல் பூமி, மழை அங்கே விருந்தாளி மாதிரி எப்போதாவதுதான் வரும். ஆனால் அவர் கையில் பன்னிரண்டு மாதமும் குடை இருக்கும். கறுப்புத் துணி, வளைந்த பிரம்புப் பிடி, நுனியில் இரும்புப் பூண். சித்திரை வெயிலில்கூட அதை விரிக்க மாட்டார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சுருட்டிய குடையை டக் டக்கென்று ஊன்றியபடி டீக்கடைக்கும் ரேஷன் கடைக்கும் போவார். அது குடை இல்லை என்று ஊருக்கே தெரியும். ஒருவர்கூட வாய் திறந்து சொன்னதில்லை. டீக்கடைக்காரர் அவர் உட்கார்ந்ததும் குடையை வாங்கிக் கை எட்டுகிற இடத்தில் மாட்டுவார், எழுந்ததும் எடுத்துக் கொடுப்பார்.

ஒரு நாள் ஈரச் சிமெண்டுத் தரையில் அந்த இரும்பு நுனி வழுக்கிவிட்டது. விழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்புத் தைக்கிறவரிடம் போனார். கூடவே நான் போயிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. குடையை வாங்கி நுனியைப் பார்த்தார், தாத்தாவின் காலைப் பார்த்தார். பழைய லாரி டயரில் ஒரு துண்டை அறுத்து, உளியால் நடுவில் குடைந்து, பசை தடவி நுனியில் ஏற்றி, பக்கத்துக்கு ஓர் ஆணி அடித்தார். அப்புறம் தரையில் தண்ணீரைத் தெளித்து, அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார். அதற்கப்புறம் குடை டக் டக்கென்று சத்தம் போடவில்லை, வழுக்கவும் இல்லை.

சில காலம் கழித்து மாமா மதுரையிலிருந்து ஒரு கைத்தடி வாங்கி வந்தார். பாலிஷ் போட்டு, பித்தளைக் குமிழ் வைத்த அழகான தடி. நீங்கள் சொல்கிற சர்ப்ரைஸ்தான். குடை பரணுக்குப் போனது. அன்றோடு வீட்டின் பேச்சு மாறிவிட்டது. மளிகைச் சீட்டு அதுவரை தாத்தா கையில்தான் போகும்; அது அண்ணன் கைக்குப் போனது. கரண்டு பில் கட்டுவது, தபாலாபீஸ் பாஸ்புத்தகம், பால் கணக்கு என்று ஒவ்வொன்றாகப் போனது. எல்லாம் பிரியத்தில் செய்ததுதான். 'நீங்க எதுக்குப்பா, சும்மா உட்காருங்க' என்பார்கள். குடையோடு தெருவில் நடந்தவர் வேலையாகப் போகிற மனிதர். தடியோடு நடந்தவர் போகக் கூடாத மனிதர். கால் ஒன்றுதான், வலியும் அதே வலிதான். அவர் தடியைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அதையும் வீட்டில் எல்லோரும் வீம்பு என்றுதான் சொன்னார்கள்.

உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதை யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. வளைவிலும் பள்ளத்திலும் ஆடுகிற பஸ்ஸில், ஒரு கையில் டிக்கெட், மறு கையில் சில்லறை, எதையும் பிடிக்காமல் கூட்டத்துக்கு நடுவே நடந்தவர் அவர். மற்றவர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கியபோது அவர் இரண்டு காலில் நின்றார். அந்த மனிதரிடம் போய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நட என்கிறோம். கொஞ்ச நாள் மறுக்கத்தான் செய்வார். அதற்கு வீம்பு என்று பெயர் வைக்க நமக்கு என்ன உரிமை?

போன மழைக்காலத்திலிருந்து நானும் தடி ஊன்றித்தான் நடக்கிறேன். ஜவுளிக் கடையில் நான் புடவையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விற்பனைப் பெண் என் மகளிடம் கேட்கிறாள்: 'அம்மாவுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?' தடி இல்லாத நாட்களில் அதே கடையில் என்னிடம்தான் கேட்டார்கள். முழங்கால் வலியைவிட இதுதான் எனக்குப் பெரிய வலி. உங்கள் கடிதம் வந்தபோது இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அழகு வேண்டும் என்று நீங்கள் நினைத்ததை நான் குறை சொல்லவே மாட்டேன். புறநானூற்று 243ஆம் பாட்டில் ஒரு கிழவர் பேசுகிறார். இளமையில், நீரின் மேல் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறி, கரையில் நிற்கிறவர்கள் மிரள மடுவில் துடுமெனக் குதித்து, அடிமணலை அள்ளிக்கொண்டு வந்தவர். இப்போது இருமலுக்கு நடுவே சில சொல் பேசுகிறார், கையில் 'தொடித்தலை விழுத்தண்டு'. தலையில் பூண் கட்டிய கோல். புலவரின் பெயரே தெரியாமல் போய், தொடித்தலை விழுத்தண்டினார் என்று அந்தக் கோலாலேயே அவரை அழைக்கிறோம். அந்தக் காலத்திலேயே ஊன்றுகோலுக்குப் பூண் போட்டுத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 94 வயது வரை ஊர் ஊராகப் போய்ப் பேசிய பெரியாரைக் கைத்தடி இல்லாமல் நினைத்துப் பார்க்க முடிகிறதா? தடி அழகாக இருந்தால்தான் மூலையை விட்டு வெளியே வரும். ஆனால் எது அழகு என்பதை ஊன்றப்போகிற கைதான் சொல்ல வேண்டும். உங்களுக்குக் குதிரை பிடித்திருக்கிறது. அவருக்கு வெறும் கறுப்பு அலுமினியம் பிடிக்கலாம், பஸ் கம்பி மாதிரி இருக்கிறது என்று.

இன்னொன்று. இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மாட்டேன். நம் வீடுகளில் கைத்தடியைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிடுகிறோம். தெரு அழுக்கு உள்ளே வரக் கூடாதாம். தெருவெல்லாம் தடியோடு பத்திரமாக நடந்து வந்தவர், வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரையும் கதவுத் திரைச்சீலையையும் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ராத்திரி பாத்ரூம் போகிறார். வழுவழுப்பான டைல்ஸ், அதில் சோப்புத் தண்ணீர், பிடித்துக்கொள்ள ஒரு துண்டு மாட்டுகிற கம்பி. எனக்குத் தெரிந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குள் விழுந்தவர்கள்தான். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு தடி வாங்குங்கள். உள்ளே உள்ளதை வெறுங்காலில் நிற்க வைத்து அளக்க வேண்டும், செருப்பின் உயரம் குறையும் இல்லையா. முடியாதென்றால் வாசலில் ஈரத்துணி வைத்து அடி ரப்பரைத் துடைத்துவிட்டு உள்ளே கொண்டு வரட்டும். படுக்கும்போது தடி கட்டிலில் கை எட்டுகிற இடத்தில் சாத்தியிருக்க வேண்டும். பாத்ரூமில் சுவரில் துளையிட்டு ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். அதைச் செய்ய அவர் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், எல்லோருக்கும் உபயோகம்தான்.

அந்த ரப்பர் புஷ்ஷைக் கவனியுங்கள். சர்ஜிகல் கடையில் தனியாகவே கிடைக்கும், விலையும் கொஞ்சம்தான். தண்டின் பருமனுக்குத் தகுந்த அளவு வேண்டும், ஆகவே தடியை எடுத்துக்கொண்டே போக வேண்டும். அடியில் உள்ள வளையக் கோடுகள் தேய்ந்து மழுங்கினாலோ, ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்தாலோ உடனே மாற்றிவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய தடியை மொட்டை ரப்பரோடு ஊன்றுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் நிறுத்திச் சொல்கிறேன், சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். இதை அப்பாவிடமே பொறுப்பாக விடுங்கள். மொட்டை டயரோடு வண்டியை எடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிறந்தநாள் வரை காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள், நாலைந்து தடியைப் பிடித்துக் கடைக்குள்ளேயே நடந்து பார்க்கட்டும். கடைக்காரர் உங்களிடம் பேச ஆரம்பித்தால், 'அப்பாவிடம் கேளுங்கள்' என்று சொல்லிவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள். விலையை அவர் பேசட்டும், பணத்தையும் அவரே எண்ணிக் கொடுக்கட்டும், பாக்கிச் சில்லறையையும் அவரே வாங்கட்டும். மறுநாள் காலையில் அந்தத் தடியோடு அவர் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வர வேண்டும். உங்கள் மனைவியிடம் இப்போதே சொல்லி வையுங்கள், 'நீங்க எதுக்கு மாமா' என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று.

அன்புடன்,
அக்கா