ஏலம் கேட்டவர் எங்கே போனார்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறைதான். வாட்ஸப், முகநூல் குழுக்களில் பொருளை ஏலம் விடுகிறோம், எடுத்தவர் பணம் கட்டாமல் மறைந்துவிடுகிறார் என்கிறீர்கள். அஞ்சல்தலை, நாணயம், கடிகாரம் விற்கிறவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 1948-இல் வெளியான காந்தி அஞ்சல்தலைகள் நான்கையும் (ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய்) குழுவில் ஏலம் விட்டேன். 11,500 ரூபாய்க்கு முடிந்தது. எடுத்தவர் "காலையில் ஜிபே பண்றேன் சார்" என்றார். ஒன்பது நாள் ஆகிறது. மெசேஜில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. அவருக்கு அடுத்தபடியாக இன்னொருவர் 11,200 வரை கேட்டிருந்தார். என்ன செய்யலாம்? — கும்பகோணம்

பதில்: ஒன்பது நாள் காத்திருந்ததே அதிகம். இன்றைக்கே ஒரு மெசேஜ் போடுங்கள்: "இன்ன தேதி, இன்ன மணிக்குள் பணம் வராவிட்டால் பொருளை வேறொருவருக்கு விற்றுவிடுவேன்." 48 மணி நேரம் கொடுத்தால் போதும். இப்படி எழுத்தில் சொல்வது மரியாதைக்காக மட்டுமில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பணம் வராத விற்பனையாளர் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு நியாயமான கால அவகாசத்துக்குப் பிறகு பொருளை மறுபடி விற்கலாம். குறைந்த விலைக்குப் போனால் அந்த நஷ்டத்தை ஏலம் எடுத்தவரிடம் கேட்கவும் உரிமை உண்டு.

அடுத்தவரிடம் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். 11,200 என்பது அவராகச் சொன்ன விலையா, ஓடிப்போனவர் ஏற்றிவிட்டதால் சொன்ன விலையா? குழுவில் மேலே போய்ப் பாருங்கள். மூன்றாமவர் 8,000-இல் நின்றிருந்து, அதன்பிறகு இவர்கள் இருவரும்தான் மாறி மாறி ஏற்றியிருக்கிறார்கள் என்றால், பணம் கட்டாத ஒருவரோடு போட்டியிட வைத்துத்தான் அவரை 11,200-க்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். 8,000-க்குச் சற்று மேலே பேசி முடிப்பதுதான் நியாயம். அவர் "வேண்டாம்" என்றாலும் கோபிக்காதீர்கள். ஒன்பது நாளில் அவர் வேறு ஒன்றை வாங்கியிருப்பார்.

கேள்வி: ராத்திரி தூக்கம் வராமல் ஐந்து குழுக்களில் ஏலத்துக்கு பிட் போட்டு விலை கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று பொருள் என் பெயரில் முடிந்துவிட்டது. மொத்தம் 7,400. இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. எப்படி நாசூக்காக விலகுவது? — பெயர் வேண்டாம்

பதில்: பணத்தைக் கட்டுங்கள்.

கேள்வி: ஏலம் எடுத்து ஏமாற்றியவர் மேல் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா? அவருடைய போன் நம்பரையும் புரொஃபைல் படத்தையும் எல்லாக் குழுக்களிலும் போட்டுவிடலாமா? — திருநெல்வேலி

பதில்: முதலாவது முடியாது. பொருளையோ சேவையையோ காசு கொடுத்து வாங்குகிறவர்தான் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நுகர்வோர். இங்கே நீங்கள் விற்பவர். உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்க வழி உண்டு, ஆனால் மூவாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு வக்கீல் பீஸ் அதைவிட அதிகமாகிவிடும். இரண்டாவதைச் செய்யாதீர்கள். அந்தப் படத்தில் அவருடைய குழந்தை இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என்ன பொருள், எவ்வளவுக்கு முடிந்தது, என்றைக்குப் பணம் வரவேண்டியது என்பதை அட்மினிடம் ஆதாரத்தோடு கொடுங்கள். அந்தக் குழுவிலிருந்து அவரை நீக்கட்டும்.

கேள்வி: எங்கள் கடிகாரக் குழுவில் நான்தான் அட்மின். மாதம் நான்கைந்து ஏலமாவது இப்படிப் பாழாகிறது. டெபாசிட் வாங்கலாம் என்றால், "வருகிறவனும் வரமாட்டான்" என்று மூத்த உறுப்பினர்கள் தடுக்கிறார்கள். உங்கள் கருத்து என்ன அண்ணா? — மதுரை

பதில்: தம்பி, இதைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று பல மாதமாகக் காத்திருந்தேன்.

உங்கள் ஊர்ப் பக்கம் கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை விடுகிற மீன்பாசி ஏலத்துக்கு நோட்டீஸ் ஒட்டுவார்களே, படித்திருக்கிறீர்களா? தேதி, இடம், அதற்கு அடுத்த வரியிலேயே டேவணித்தொகை, அதாவது நீங்கள் சொல்லும் டெபாசிட். அதைக் கட்டி ரசீது வாங்கினவர்தான் ஏலத்தில் வாயைத் திறக்கலாம். ஏலம் கிடைக்காதவருக்கு டேவணி திரும்பிவிடும். எடுத்தவருக்கு மொத்தத் தொகையில் கழியும். எடுத்துவிட்டுக் கட்டாதவருக்குப் போய்விடும். புளியமர மகசூல் ஏலத்திலிருந்து பேருந்து நிலையச் சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் இதுதான் முறை. இவ்வளவு எளிய முறையை நம் கைப்பேசிக் குழுக்கள் எப்படி மறந்தன என்று எனக்கு விளங்கவே இல்லை. கட்டைவிரலால் ஒரு எண்ணைத் தட்டினால் அது ஏலம் என்று ஆகிவிட்டது.

டேவணி இல்லாதது விற்பவருக்கு மட்டும் கெடுதல் என்று நினைக்காதீர்கள். வாங்குபவரையும் அதுதான் கவிழ்க்கிறது. நான் கவிழ்ந்த கதையைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு குழுவில் எச்.எம்.டி. பைலட் கடிகாரம் ஏலத்துக்கு வந்தது. சாவி கொடுக்கும் மாடல், கறுப்பு டயல். அப்பாவின் கையில் பார்த்த கடிகாரம் என்பதால் விடமுடியவில்லை. 900-இல் தொடங்கியது. 1,800-இல் மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். அதன்பிறகு நானும் இன்னொரு நம்பரும் மட்டும். நான் 100 ஏற்றினால் அந்த நம்பர் 100 ஏற்றும். 4,300-க்கு எனக்கு முடிந்தது. அன்று இரவே பணம் அனுப்பிவிட்டேன்.

பார்சல் வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் டயலில் '17 ஜுவல்ஸ்' என்ற எழுத்தின் ஓரம் தண்ணீரில் நனைந்த மை மாதிரிப் பரவியிருந்தது. மணிக்குறிகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. 6-க்குப் பக்கத்தில் தூரிகை மயிர் ஒன்று பெயிண்டுக்குள்ளேயே ஒட்டிக் காய்ந்திருந்தது. பழைய டயலுக்கு மேல் புதிதாக வர்ணம் பூசி விற்றிருக்கிறார்கள். மறுமாதம் அதே விற்பனையாளர் வேறொரு கடிகாரத்தைப் போட்டு, "நேரில் வாங்க இந்த நம்பரைத் தொடர்புகொள்ளவும்" என்றார். என்னோடு போட்டியிட்ட அதே நம்பர்.

விற்பவரே ஆள் வைத்து விலையை ஏற்றினால் வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆவது பிரிவு சொல்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது, தெரிந்தபோது அவர் குழுவிலேயே இல்லை. நான் சொல்லவருவது இதுதான் தம்பி. பணம் கட்டாமல் ஓடுகிறவரும், விலையை ஏற்றிவிடப் பொய்யாகக் கேட்கிறவரும் ஒரே ஓட்டை வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். பிட் போடக் கையிலிருந்து ஒரு ரூபாயும் போகாது என்பதுதான் அந்த ஓட்டை. 500 ரூபாய் டேவணி வைத்தால் இரண்டு பேருமே யோசிப்பார்கள்.

செய்வதானால் ஒழுங்காகச் செய்யுங்கள். எத்தனை மணி நேரத்தில் பணம் கட்டவேண்டும், கட்டாவிட்டால் டேவணி யாருக்குப் போகும் என்பதை ஏலம் தொடங்குவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். முன்பு சொல்லாததைப் பிறகு பிடித்தம் செய்ய முடியாது. தொகை பொருளின் மதிப்புக்குத் தக்கபடி சிறியதாக இருக்கட்டும். அதற்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள், உங்கள் வீட்டுச் செலவுக் கணக்கில் வாங்காதீர்கள். ஏலம் கிடைக்காதவருக்கு மறுநாளே திருப்பி அனுப்பி, ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போடுங்கள். ஆள் குறையும் என்பது உண்மை. முப்பது பேர் கேட்ட இடத்தில் எட்டுப் பேர் கேட்பார்கள். அந்த எட்டுப் பேரும் பணம் வைத்திருப்பார்கள்.

கேள்வி: இபேயில் பழைய சினிமா எல்.பி. இசைத்தட்டுகளை வெளிநாட்டுக்கு விற்கிறேன். அமெரிக்காவில் ஒருவர் ஏலத்தில் எடுத்துவிட்டுப் பணம் கட்டவில்லை. 'கையிருப்பில் இல்லை' என்று காரணம் போட்டு ரத்து செய்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாமா? — கோவை

பதில்: அந்தக் காரணத்தை மட்டும் போடவே போடாதீர்கள்! தப்பு செய்தது அவர், கரும்புள்ளி விழுவது உங்கள் கணக்கில். நான்கு நாள் பொறுங்கள். அதற்குப் பிறகும் பணம் வராவிட்டால் 'வாங்கியவர் பணம் செலுத்தவில்லை' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து ரத்து செய்யுங்கள். அப்படிச் செய்தால் அந்த விற்பனைக்கான கமிஷன் உங்களிடம் பிடிக்கப்படாது, குறிப்பு அவர் கணக்கில் ஏறும். 30 நாளைத் தாண்டவிடாதீர்கள். பிறகு, ஏலத்தில் தோற்றவருக்கு அவர் கேட்ட விலையிலேயே 'இரண்டாம் வாய்ப்பு' அனுப்ப அங்கேயே வசதி இருக்கிறது.

வாங்கியவரைப் பற்றி எதிர்மறையாக எழுதிப் பழிதீர்க்க முடியாது. 2008-லேயே விற்பவர்களுக்கு இருந்த அந்த உரிமையை இபே எடுத்துவிட்டது. அதற்குப் பதில், பணம் கட்டாமல் ரத்தான வரலாறு உள்ளவர்கள் உங்கள் பொருளைக் கேட்கவே முடியாதபடி செட்டிங்கில் தடுத்துவைக்கலாம். இன்றைக்கே செய்துவிடுங்கள்.

கேள்வி: 1911-ஆம் ஆண்டு 'பன்றி ரூபாய்' ஒன்றைக் குழுவில் ஏலம் விட்டேன். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் எடுத்து, அரை மணியில் பணமும் அனுப்பிவிட்டார். இப்படி ஒருவர் கிடைப்பதே அபூர்வம். தபாலில் அனுப்பினால் போய்ச் சேருமா? — காரைக்குடி

பதில்: அனுப்பாதீர்கள். ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, மறுவருடமே அச்சை மாற்றிய நாணயம் அது. அதற்கு நூறு வயது தாண்டிவிட்டது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்புவது குற்றம். உங்களுக்கு வாய்த்தவர் நல்ல மனிதர். பணத்தை உடனே திருப்பி அனுப்பி, காரணத்தையும் சொல்லுங்கள். ஏலக் குறிப்பிலேயே 'இந்தியாவுக்குள் மட்டும்' என்று எழுதியிருக்கவேண்டும்.

கேள்வி: டிராக்டர் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டை இரண்டு லட்சத்துக்கு ஏலம் எடுத்துவிட்டதாக ஒருவர் பேசுகிறார். ரிசர்வ் வங்கி அனுமதியாம். முதலில் 2,150 ரூபாய் வரி கட்டச் சொல்கிறார். — தர்மபுரி

பதில்: ஒரு பைசா கட்டாதீர்கள். இந்த மோசடியைப் பற்றி 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்துவிட்டது. பழைய நோட்டு வாங்கி விற்கும் வேலை அதற்கு இல்லை. கமிஷனோ வரியோ அது யாரிடமும் கேட்பதும் இல்லை.

கேள்வி: அம்மாவின் தையல் மெஷினை ஆன்லைனில் ஏலத்துக்குப் போட்டிருந்தேன். எடுத்தவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னார். "கியூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டால் பணம் வந்துவிடும்" என்றார். போட்டேன். 9,000 போய்விட்டது. தவறுதலாகிவிட்டது, திருப்பித் தருகிறேன் என்று இன்னொரு கோடு அனுப்பினார். அதிலும் 9,000 போய்விட்டது. நேற்று முன்தினம் நடந்தது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. — ஈரோடு

பதில்: அம்மா, இதில் வெட்கப்பட உங்களுக்கு ஒன்றுமில்லை. நாள் முழுக்க இதையே தொழிலாகச் செய்கிற ஆட்களிடம் மாட்டியிருக்கிறீர்கள். நன்றாகப் படித்தவர்களும் இதே வலையில் விழுந்து எனக்கு எழுதுகிறார்கள். உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள். பணம் எதிராளியின் கணக்கில் இன்னும் கிடந்தால் அதை முடக்கிவைக்க அவர்களால் முடியும். அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அடுத்து உங்கள் வங்கிக்குச் சொல்லி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். நாமே பின் நம்பர் போட்டுப் போன பணத்துக்கு வங்கி பொறுப்பேற்காது, ஆனால் நாம் புகார் சொன்ன பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. அவர் அனுப்பிய கோடு, பேசிய நம்பர், பணம் போன இரண்டு குறுஞ்செய்திகள் எதையும் அழிக்காதீர்கள்.

நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய 'பின்' நம்பர் தேவையே இல்லை. யாராவது கேட்டால் நம் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். மெஷின் இன்னும் உங்கள் வீட்டில்தானே இருக்கிறது? அதை இனிப் பக்கத்துத் தெருவில் தையல் தெரிந்த யாருக்காவது, கையில் பணம் வாங்கிக்கொண்டு கொடுங்கள். வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், காவல் நிலையம் போகவேண்டி வந்தால் கூட ஒருவர் வேண்டும். புகார் எண்ணை எனக்கு எழுதுங்கள்.