கூடத்தில் ஒரு கணக்கு வாத்தியார்

கேள்வி: பாஸ்டனுக்கு வெளியே ஒரு புறநகரில் இருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். பக்கத்து ஊர் சார்ட்டர் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு, மார்ச் மாதக் குலுக்கலில் இடம் கிடைத்திருக்கிறது. எம்காஸ் என்ற மாநிலத் தேர்வில் அவர்களுடைய தேர்ச்சி எங்கள் ஊர்ப் பள்ளியைவிடப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் அதிகம். பேருந்து இல்லை. ஒரு வழிக்கு 35 நிமிடம். நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர வேண்டும். "இதை விட்டால் கிடைக்காது" என்கிறார் கணவர். "ஊர்ப் பள்ளிக்கு வரவேண்டிய பணத்தை எடுத்துக்கொண்டு போகிறீர்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மகளுக்குக் கணக்கில்தான் தடுமாற்றம். முன்பு மாமனார் (ஊரில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார், இப்போது எங்களோடு இருக்கிறார்) சாயங்காலம் சொல்லித் தருவார். இங்கே முறை வேறு, குழந்தை குழம்புகிறாள் என்று நிறுத்தச் சொல்லிவிட்டோம். இப்போது சனிக்கிழமை ஒரு மையத்துக்கு அனுப்புகிறோம். சார்ட்டரில் சேர்க்கலாமா?
— எஸ்.வி., மாசசூசெட்ஸ்

பதில்: வருஷம் தவறாமல் வசந்தகாலத்தில் எனக்கு வரும் கடிதம் இது. ஊர் மாறும், பள்ளி மாறும், கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வது மட்டும் மாறாது. "எங்கே சேர்த்தாலும் உங்கள் பெண் நன்றாக வருவாள், கவலைப்படாதீர்கள்" என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருந்தால் மன்னியுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு மனிதரை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவரிடம் வருவதற்கு முன் அந்தச் சார்ட்டர் சண்டையை முடித்துவிடுகிறேன். உங்கள் வீட்டில் அது தேவைக்கு மேல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

சார்ட்டர் என்பது அரசுப் பணத்தில், ஊர்ப் பள்ளி நிர்வாகத்துக்கு வெளியே, ஒரு தனிக் குழு நடத்தும் பொதுப் பள்ளி. கட்டணம் கூடாது, நுழைவுத் தேர்வு கூடாது, விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். உங்கள் மாநிலத்தில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்க வேண்டும். சரியாக நடக்காவிட்டால் மூடலாம். 1988-இல் இந்த யோசனையை ஊரறியப் பேசியவர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர். ஆசிரியர்கள் புது முறைகளைச் சோதித்துப் பார்க்கும் இடமாக அவர் அதை நினைத்தார். 1991-இல் மின்னசோட்டா முதல் சட்டம் போட்டது, 1993-இல் மாசசூசெட்ஸ். அதற்குள் ஷாங்கரே அதை எதிர்க்கத் தொடங்கிவிட்டார். 2016-இல் சார்ட்டர் எண்ணிக்கைக்கான உச்சவரம்பைத் தளர்த்தலாமா என்று உங்கள் மாநிலத்தில் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

உங்கள் கணவர் "சார்ட்டர்" என்ற சொல்லை ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி பார்க்கிறார். அதில் அப்படி ஒன்றும் இல்லை. 2009-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரீடோ என்ற கல்வி ஆய்வு மையம் பல மாநிலங்களில் பார்த்தபோது, கணக்கில் ஊர்ப் பள்ளிகளை மிஞ்சிய சார்ட்டர்கள் 17 சதவீதம்தான். 37 சதவீதம் மோசம். மீதியில் வித்தியாசமே இல்லை. 2023-இல் அதே மையம் திரும்பப் பார்த்தபோது சராசரி மேலேறியிருந்தது. ஆனால் கணக்கில் அந்த ஏற்றம் வருஷத்துக்கு ஆறு நாள் பாடத்துக்குச் சமம். ஆறே நாள். முழுக்க ஆன்லைனில் நடக்கும் சார்ட்டர்களோ படுபாதாளம்.

சராசரிக்குள்தான் விஷயம் ஒளிந்திருக்கிறது. உங்கள் மாநிலத்தில் எம்.ஐ.டி.யின் ஜோஷுவா ஆங்க்ரிஸ்ட், பராக் பாதக் குழு, குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டது. இரு பக்கமும் விண்ணப்பித்த குடும்பங்கள்தான்; அக்கறையுள்ள பெற்றோர் என்ற சாக்கு இரு பக்கமும் சமம். பாஸ்டன் போன்ற நகரங்களின் சார்ட்டர்களில் பிள்ளைகள் கணக்கில் மளமளவென்று முன்னேறினார்கள். நகரத்துக்கு வெளியே இருந்த சார்ட்டர்களில் அந்த லாபம் இல்லை. சிலவற்றில் பிள்ளைகள் பின்னுக்கே போனார்கள். நீங்கள் இருப்பது நகரத்துக்கு வெளியே. உங்கள் கணவர் நண்பர்களிடம் கேட்ட வெற்றிக் கதைகள் பெரும்பாலும் நகரத்துக் கதைகளாக இருக்கும்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தையும் பார்த்துவிடுவோம். தேர்ச்சி விகிதம் பள்ளியை மட்டும் அளப்பதில்லை. அங்கே சேர்ந்த பிள்ளைகளின் வீடுகளையும் சேர்த்துத்தான் அளக்கிறது. மாநிலக் கல்வித் துறையின் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் "மாணவர் வளர்ச்சி" என்று இன்னொரு எண் இருக்கும். போன வருஷம் அதே மாதிரி மதிப்பெண் வாங்கிய மாநிலப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு, இந்த வருஷம் இவர்கள் எவ்வளவு நகர்ந்தார்கள் என்று சொல்லும் எண். 50 என்பது நடு. 40-க்கும் 60-க்கும் நடுவே இருந்தால் சாதாரணம். சார்ட்டர் 53, உங்கள் பள்ளி 49 என்று இருந்தால் இரண்டும் ஒன்றுதான். அதே தளத்தில் எத்தனை ஆசிரியர்கள் அடுத்த வருஷமும் தங்குகிறார்கள், எத்தனை பிள்ளைகளை இடைநீக்கம் செய்தார்கள், எத்தனை பேர் நடுவில் விலகினார்கள் என்பதும் இருக்கும். ஆறாம் வகுப்பில் 90 பேர் சேர்ந்து எட்டில் 60 பேர்தான் மிஞ்சுகிறார்கள் என்றால், எட்டாம் வகுப்பின் பளபளப்பு எப்படி வந்தது என்று யோசியுங்கள். வீடு விற்கும் தளங்கள் போடும் பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பதை மறந்துவிடுங்கள். அது வீடு விற்க.

இனி அடைப்புக்குறிக்கு வருகிறேன்.

ஹார்வர்டின் ரோலண்ட் ஃபிரையரும் வில் டாபியும் நியூயார்க் நகரத்தில் சுமார் நாற்பது சார்ட்டர்களுக்குள் புகுந்து, ஒன்று ஜெயிப்பதும் இன்னொன்று தோற்பதும் எதனால் என்று பார்த்தார்கள். வகுப்பில் குறைவான பிள்ளைகள், தலைக்கு எவ்வளவு செலவு, ஆசிரியரின் சான்றிதழ், மேல்படிப்பு — நாம் எல்லோரும் பள்ளியில் முதலில் கேட்கும் இவை எதுவும் ஜெயிப்பதோடு ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போனவை ஐந்து. ஆசிரியரை அடிக்கடி வகுப்பில் பார்த்துக் குறை சொல்லித் திருத்துவது, சிறு தேர்வுகளை வைத்து அடுத்த வாரப் பாடத்தை மாற்றுவது, கூடுதல் பாடநேரம், உன்னால் முடியும் என்று விடாமல் எதிர்பார்ப்பது, அப்புறம், நமக்குத் தெரிந்த சொல்லில், டியூஷன். ஏனோதானோ டியூஷன் இல்லை. ஆறு பேருக்கு மேற்படாத குழு, வாரத்துக்கு நான்கு நாளாவது. பின்னர் 2010 முதல் ஹூஸ்டனில் சரியாக நடக்காத 20 சாதாரண அரசுப் பள்ளிகளில் ஃபிரையர் இவற்றையே நுழைத்துப் பார்த்தார். ஆறாம் வகுப்பில் இரண்டு பிள்ளைக்கு ஒருவர் என்ற கணக்கில் தினசரிக் கணக்கு டியூஷன். கணக்கு நன்றாக ஏறியது. (ஆங்கில வாசிப்பு அவ்வளவாக அசையவில்லை.) பெயர்ப்பலகையில் சார்ட்டர் என்று எழுதாமலே ஏறியது.

புரிகிறதா, அம்மா? நல்ல சார்ட்டர் பள்ளி தேடித் தேடி ஆளை அமர்த்திச் செய்யும் காரியத்தை உங்கள் வீட்டில் ஒருவர் சும்மாவே செய்துகொண்டிருந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு வாத்தியார், முப்பது வருஷ அனுபவம், சொந்தப் பேத்தி. அதை நிறுத்திவிட்டுக் குலுக்கலில் சீட்டு எழுதிப் போட்டிருக்கிறீர்கள். நடுவில் காசு கட்டி, வாரத்துக்கு ஒருநாள் மட்டும் ஒரு மையம். அந்த மனிதர் கூடத்தில் உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்? ஊர்ச் செய்தியா? பேத்தி பென்சிலோடு திணறுவதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருக்க அவரைப் பழக்கிவிட்டீர்களே, அதற்கு எனக்குக் கோபம் வருகிறது. பெரியவரைக் கூட வைத்துக்கொண்டு வேளைக்குச் சோறு போடுவது கடமையில் பாதிதான். அவருக்குத் தெரிந்த வேலையை அவரிடம் விட்டுவைப்பது மறு பாதி. நிறுத்தச் சொன்னது "நாங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவருடைய மகனுக்கும் இதில் பங்கு உண்டு.

முறை வேறு என்ற உங்கள் காரணத்தைப் பிரித்துப் பார்ப்போம். 156-ஐ 12-ஆல் வகுக்க வேண்டும். பள்ளியில் உங்கள் பெண் பெரும்பாலும் இப்படிப் போடுவாள்: பத்துப் பன்னிரண்டு 120, மீதி 36, மூன்று பன்னிரண்டு 36, பத்தும் மூன்றும் 13. தாத்தா போடுவது: 15-இல் 12 ஒரு தடவை, மீதி 3, ஆறை இறக்கு, 36-இல் மூன்று தடவை, விடை 13. அவர் எழுதிய அந்த ஒன்றுதான் அவள் எழுதிய பத்து. இடமதிப்பு இதற்குள் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு வகுத்தல் உள்ளே இறங்கும். குழப்பம் வந்திருந்தால், இரண்டு முறையும் ஒரே மேசையில் சந்திக்காததால் வந்திருக்கும்: பள்ளியில் ஒன்று, வீட்டில் இன்னொன்று, நடுவில் பாலம் போட ஆளில்லை.

பாலம் இப்படித்தான் போட வேண்டும். வாரத்துக்கு நான்கு நாள், அரை மணி, தினமும் ஒரே நேரம். முதலில் பெண் தாத்தாவுக்குச் சொல்லித் தரட்டும்: "எங்கள் ஸ்கூலில் இப்படிப் போடுவோம்." அப்புறம் அவர் தன் வழியில் போடட்டும். விடை ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் எங்கே பிரிந்தது என்று இருவரும் தேட வேண்டும். அந்தத் தேடல்தான் பாடம். வகுப்பு ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, இப்போது நடக்கும் பாடப்பகுதி எது, எந்த முறையில் நடத்துகிறார் என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகள் சறுக்குவது பின்னத்தில். ஆறாம் வகுப்பில் பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பதும் விகிதமும் காத்திருக்கின்றன. முக்கால் வகுத்தல் அரைக்கால் எவ்வளவு என்று கேட்டால், "தலைகீழாக்கிப் பெருக்கு" என்ற மந்திரத்தை அவர் உடனே கொடுத்துவிடக் கூடாது. வாத்தியார்கள் வழக்கமாகத் தவறும் இடம் அது. முக்கால் லிட்டர் பாலும் அரைக்கால் லிட்டர் டம்ளரும் எடுத்து வையுங்கள். ஆறு டம்ளர் வரும். மந்திரம் அடுத்த வாரம். கால், அரைக்கால், மாகாணி என்ற சொற்களே பின்னத்தைப் பாதி பாதியாக்கிக் காட்டுபவை. அவை அவர் நாக்கிலேயே இருக்கின்றன.

அவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அதட்டலும் குட்டும் ஊரோடு போகட்டும். "இதெல்லாம் ஒரு முறையா?" என்று பேத்தியின் நோட்டைப் பார்த்துச் சிரிப்பதும் வேண்டாம். அரை மணி ஒன்றரை மணியாக நீளவும் கூடாது. இதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. மரியாதையோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார். இரண்டு மாதத்தில் வகுப்புத் தேர்வுகளில் அசைவே தெரியாவிட்டால், கற்றல் சிக்கல் ஏதும் இருக்கிறதா என்று பள்ளியிடம் எழுத்து மூலம் மதிப்பீடு கேளுங்கள். தாத்தாவால் தீர்க்க முடியாததும் உண்டு.

இப்போது கார். ஒரு வழிக்கு 35 என்றால் பெண்ணுக்கு நாளைக்கு 70 நிமிடம். உங்கள் மாநிலத்தில் பள்ளி வருஷம் 180 நாள். ஆக 210 மணி நேரம் அவள் பின் இருக்கையில். கொண்டுபோய் விட்டு, வீடு திரும்பி, மறுபடி போய்க் கூட்டிவரும் உங்களுக்கு 420. தாத்தாவின் அரை மணி, வாரம் நான்கு நாள், 36 வாரம்: மொத்தம் 72 மணி. அவள் காரில் கரைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். காரில் களைத்து வரும் பிள்ளையிடம் அந்த 72-ஐயும் வாங்க முடியாது.

ஆகவே என் பதில்: வேண்டாம், விட்டுவிடுங்கள். ஒரே ஒரு விலக்கு. சார்ட்டரின் கணக்கு வளர்ச்சி எண் 60-க்கு மேலே, உங்கள் பள்ளியுடையது 40-க்குக் கீழே என்று இரண்டு மூன்று வருஷமாகத் தொடர்ந்திருந்தால் மட்டும் ஒருநாள் போய் ஆறாம் வகுப்புக் கணக்கு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். தலைமை ஆசிரியரிடம் மூன்றே கேள்வி: பின்தங்கும் பிள்ளைக்கு டியூஷன் வாரத்தில் எத்தனை நாள், ஒரு குழுவில் எத்தனை பேர்? போன மாதத்துச் சிறு தேர்வைப் பார்த்து எந்தப் பாடத்தை மாற்றினீர்கள்? இந்தக் கணக்கு ஆசிரியரின் வகுப்பில் கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள்? பதிலுக்குப் பதில் தேதியும் எண்ணும் வந்தால் நல்ல பள்ளி. "எங்கள் பண்பாடு, எங்கள் தொலைநோக்கு" என்று வந்தால் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. இருபது பிள்ளைகள் எட்டு வகுப்புகளிலிருந்து பிரிந்து போனால் அவர்களுக்கான பணமும் பின்னாலேயே போகும். ஆனால் ஒரு ஆசிரியரையோ ஒரு பேருந்தையோ குறைக்க முடியாது. மாநிலம் ஈடுகட்டுவது சில வருஷம்தான். இருந்தாலும் அந்தப் பாரத்தைப் பத்து வயதுப் பெண்ணின் தலையில் வைக்காதீர்கள். ஊர்ப் பள்ளிக்கு நீங்கள் கடன்பட்டது வேறு விதம். பள்ளிக் குழுக் கூட்டம் எல்லோருக்கும் திறந்த கூட்டம். நடுநிலைப் பள்ளியில் கணக்கு டியூஷனுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று அங்கே எழுந்து நின்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இடம் வேண்டுமா வேண்டாமா என்று குறித்த நாளுக்குள் பள்ளிக்குச் சொல்லிவிடுங்கள். காத்திருக்கும் பட்டியலில் இன்னொரு குடும்பம் இருக்கும். சனிக்கிழமை மையத்தை இந்த மாதத்தோடு நிறுத்தலாம். மாமனாரிடம் பேச வேண்டியது உங்கள் கணவர். "அப்பா, நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம், அவளுக்கு நீங்கள் வேண்டும்" என்று அவர் வாயால் சொல்லட்டும். கட்டம் போட்ட நோட்டு ஒன்றும் அழிக்கும் ரப்பர் இரண்டும் வாங்கி வையுங்கள், இருவருமே அழிப்பார்கள். அந்த அரை மணி கூடத்தில் டி.வி. ஓட வேண்டாம்.