திருக்கடலூர் வீட்டின் நான்கு நீலங்கள்

திருகோணமலை திருக்கடலூரில் இருக்கும் அம்மம்மாவின் பழைய வீட்டுக்கு அறைக்கு ஒரு நீலம் அடித்தும் கடற்கரை வீடு மாதிரி வரவில்லை, சுவரின் அடியும் உரிகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் சுவரைப் பாருங்கள். இரண்டடி உயரத்துக்குப் பெயின்ற் பொரிந்து வெள்ளைப் பொடி கொட்டுகிறதென்றால் அது உப்பு. பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விட்டபடி இருக்கவேண்டும். பிளாஸ்டிக் பெயின்ற் அதை அடைத்துவிடும். சுரண்டி, காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்புக் கரைந்து திரும்ப உள்ளே போகும். கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று வீசும் மாதங்களில் நன்றாகக் காயவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். மழையோடு வரும் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் காயவே காயாது.

அந்த வெள்ளையே எல்லா அறைகளையும் சேர்த்துவிடும். அப்புறம் ஒரேயொரு நீலம், யன்னல்களுக்கும் கதவுகளுக்கும் மட்டும். உங்கள் ஊர் டச்சு பே குடாவில் காலை எட்டு மணித் தண்ணீரின் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். துரு வழிகிற இரும்புப் பிணைச்சல்களைக் கழற்றிப் பித்தளை போடுங்கள், செலவுதான். நங்கூரப் படம், கப்பல் சக்கரம் எல்லாம் வேண்டாம். ஹோட்டல் வாசல் மாதிரி ஆகிவிடும். விறாந்தைக்குப் பன்பாய், அதாவது பன்புல்லில் பின்னிய பாய், போதும். நீங்கள் அனுப்பிய படத்தில் மூலையில் கிடக்கும் பிரம்புக் கதிரையை மட்டும் எறிந்துவிடாதீர்கள், பின்னல்தான் விட்டிருக்கிறது.