ஒழுங்கற்ற லேசர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானோ துகள்களைக் கொண்டு செய்யப்படும், வளைத்தாலும் வேலைசெய்யும் லேசர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சாதாரண லேசரைவிட இவற்றின் ஒளியில் படம் தெளிவாக வரும் என்கிறீர்கள். அலைகள் ஒழுங்காகச் சேர்ந்து வருவதுதானே லேசரின் பெருமை? அதைக் குலைத்தால் படம் எப்படித் தெளியும்? எண்டோஸ்கோப்பில் இதை இப்போதே வைக்க முடியாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படத்தைக் கெடுப்பதே அந்த ஒழுங்குதான். லேசர் பாயிண்டரைச் சுவரில் அடித்துப் பாருங்கள், வட்டத்துக்குள் மணல் மணலாக மின்னும். சுவரின் நுண்ணிய மேடுபள்ளங்களிலிருந்து திரும்பும் அலைகள் ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் அழிந்து உண்டாக்கும் இந்தப் புள்ளிகளுக்கு ஸ்பெக்கிள் என்று பெயர். நுண்ணோக்கியில் செல்லின் விளிம்பு எது, ஸ்பெக்கிள் எது என்றே தெரியாமல் போகும். (முதல் லேசர் 1960-ல் வந்தது. 1943-லேயே இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன் பெங்களூரில் ஒளிவளையங்களில் தெரியும் இத்தகைய ஏற்ற இறக்கங்களை ஆராய்ந்து எழுதிவிட்டார். இதை நாம் பேசுவதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.)

ஸ்பெக்கிள் தொல்லை இல்லாத எல்.இ.டி. விளக்கு போதாதா என்றால், பல வேலைகளுக்குப் போதும். ஒளியைச் சிதறடிக்கும் திசுவுக்குள் பார்க்கவும், மிக வேகமாக நடப்பதைப் படம்பிடிக்கவும் அதன் வெளிச்சம் பற்றாது.

1994-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நபில் லாவண்டி குழுவினர் ரோடமின் சாயக் கரைசலில் டைட்டானியம் டை ஆக்சைடு துகள்களைக் கலந்தார்கள். வெள்ளை பெயின்டில் இருக்கும் அதே பொருள். ஒளி துகளுக்குத் துகள் முட்டி அலைந்தது, அலைந்த வழியெல்லாம் சாயத்தால் பெருகியது. சாதாரண லேசரில் ஒளியை முன்னும் பின்னும் அனுப்பிப் பெருக்கும் எதிரெதிர்க் கண்ணாடிகளே இங்கே தேவைப்படவில்லை. இத்தகைய ஒழுங்கற்ற லேசரில், அதாவது ரேண்டம் லேசரில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல அலைவடிவங்களை ஒரே நேரத்தில் எழுப்ப முடியும். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ஸ்பெக்கிளை உண்டாக்கும், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது புள்ளிகள் கரைந்துவிடும். 2012-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹூயி சாவோ குழுவினர் இதைப் படம் எடுத்தே காட்டினார்கள். எல்லா ரேண்டம் லேசருக்கும் இந்தக் குணம் தானாக வந்துவிடாது, துகள்களின் அடர்த்தியையும் ஒளியூட்டும் பரப்பையும் பார்த்து அமைக்க வேண்டும்.

வளைத்தாலும் வேலைசெய்வதற்குக் காரணம் கண்ணாடிகள் இல்லாததே. சாதாரண லேசரில் கண்ணாடி இம்மி சாய்ந்தாலும் ஒளி நின்றுவிடும். இங்கே சாய்வதற்குக் கண்ணாடியே இல்லை. சாயத்தையும் துகள்களையும் ரப்பர் போன்ற பாலிமர் படலத்தில் பதித்தால் வளைக்கலாம், இழுக்கவும் செய்யலாம்.

எண்டோஸ்கோப்பில் இன்றே வைக்க முடியாது. இவற்றில் பெரும்பாலானவற்றைத் தூண்டுவதற்கு இன்னொரு லேசரின் துடிப்புகள் வேண்டும், சாயமும் நாளடைவில் வெளுத்துப்போகும். மின்சாரத்திலேயே நேராக இயங்கும் மெல்லிய படலம் கைக்கு வந்தால், மருத்துவமனைக்குள் இது நுழைவதை நான் உறுதியாக எதிர்பார்க்கிறேன்.